ரிஷிகேசில் பழைய ராஃப்ட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன வாரம் தெரிந்த தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, "அண்ணே, இது விலைக்கு வருது, வாங்கலாமா?" என்று கேட்டார். படத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 14 அடி நீல ராஃப்ட், காற்றடித்து ஆற்றில் ஓட்டும் படகு. 2023-இல் நானும் என் கூட்டாளியும் 95,000 ரூபாய் கொடுத்து வாங்கிய அதே ராஃப்ட். கங்கையில் கோல்ஃப் கோர்ஸ் என்கிற ரேபிடில், அதாவது தண்ணீர் கொந்தளித்துப் பாயும் இடத்தில், எங்கள் ஆறு பேரையும் தண்ணீருக்குள் தள்ளியது அதுதான்.

நான் பொள்ளாச்சிப் பக்கம், கூட்டாளி தேனிக்காரர். இரண்டு பேரும் ரிஷிகேசில் கைடு பயிற்சி முடித்து, இரண்டு சீசன் அடுத்தவர் ராஃப்டில் வேலை பார்த்தோம். சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று சேமித்த பணம் அது. மழைக்காலத்தில், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், கங்கையில் ராஃப்டிங்குக்கு அனுமதி கிடையாது. செப்டம்பரில் மறுபடி தொடங்குவதற்குள் பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். விலை குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் ஆற்றில் இறக்கி ஓட்டிப் பார்க்க முடியாது. விற்கிறவருக்கு அது நன்றாகத் தெரியும்.

நாங்கள் குடோனுக்குப் போனபோது ராஃப்டைக் கழுவித் துடைத்து, காற்றடித்துத் தயாராக வைத்திருந்தார்கள். தட்டிப் பார்த்தேன், தவில் மாதிரி விறைப்பாக இருந்தது. எனக்கு அதுவே போதும் என்று பட்டது. இப்போது யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: நீங்கள் போவதற்கு முன்பே காற்றடித்து வைத்திருந்தால், முழுக்க இறக்கச் சொல்லிவிட்டு உங்கள் கையால் பம்ப் அடியுங்கள். அரை மணி நேரத்துக்கு முன் அடித்த காற்று எந்த ஓட்டை ராஃப்டிலும் நிற்கும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ராஃப்டின் சுற்று டியூப் வெளியே பார்க்க ஒரே வளையமாகத் தெரியும். உள்ளே தடுப்புத் துணி வைத்து, பெரும்பாலும் நான்கு சேம்பராக, அதாவது காற்றறையாக, பிரித்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வால்வ். பாறை குத்தி ஒரு சேம்பர் கிழிந்தாலும் மீதி மூன்றும் மிதக்கும், கரை சேர்ந்துவிடலாம். நம் உயிர் அந்தத் தடுப்பில்தான் இருக்கிறது. நான்கிலும் காற்று நிரப்பி வைத்துவிட்டால், தடுப்பு கிழிந்திருப்பது வெளியே யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம், அவ்வளவுதான்.

"பையா, அசல் டூபாண்ட் ஹைபலான், 2 சீசன்தான் ஓடியது" என்றார் விற்றவர். ஹைபலான் என்பது டூபாண்ட் கம்பெனி ஒரு வகை ரப்பருக்கு வைத்த பெயர். வெயிலுக்கும் உரசலுக்கும் நன்றாகத் தாங்கும், அதனால் பிவிசி பிளாஸ்டிக் ராஃப்டைவிட விலை அதிகம். ஆனால் டூபாண்ட் அதைத் தயாரிப்பதை 2010 வாக்கிலேயே நிறுத்திவிட்டது. அதே மாதிரி ரப்பரை வேறு கம்பெனிகள் தயாரிக்கின்றன, பழைய பெயர் மட்டும் வாய்வழக்கில் ஒட்டிக்கொண்டது. 2023-இல் ஒருவர் 2 வருடப் பழசான டூபாண்ட் ஹைபலான் என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு இது தெரியாது.

"ஒரு ராத்திரி காற்றோடு இருக்கட்டும், காலையில் வந்து பார்க்கிறோம்" என்று கூட்டாளி சொல்லத்தான் செய்தார். சாயங்காலம் டேராடூனிலிருந்து வேறு பார்ட்டி வருகிறது, அவர் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்றார்கள். ரொக்கமாகக் கொடுத்தோம். பில் இல்லை. நோட்டுத்தாளில் தொகையை எழுதிக் கொடுத்தார், அதில் கையெழுத்துகூட இல்லை.

செப்டம்பரில் காற்றடித்தோம். மறுநாள் காலையில் வலது பக்கம் தொளதொளவென்று கிடந்தது. போன் செய்தால், "குளிரில் காற்று இறங்கத்தான் செய்யும்" என்றார். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் நம்பினோம். வெயிலில் அடித்த ராஃப்டைக் கங்கையின் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கி டியூப் தளரும், கரையிலேயே இன்னும் கொஞ்சம் அடித்துக்கொள்வோம். (கரையில் ராஃப்டை இழுத்துப் போட்டுவிட்டு மேகி சாப்பிட உட்காரும்போது இதற்கு நேர்மாறு. வெயிலில் காற்று விரியும், கொஞ்சம் திறந்துவிட வேண்டும்.) ஆனால் குளிர் என்றால் நான்கு சேம்பரும் ஒன்றுபோலத் தளர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தளர்ந்தால் அது ஓட்டை.

அக்டோபரில் ஒரு நாள், சிவ்புரியிலிருந்து கிளம்பினோம். நல்லவேளையாகப் பயணிகள் யாரும் இல்லை, ஆறு பேரும் துடுப்புப் போடத் தெரிந்தவர்கள், கூடவே பாதுகாப்புக்கு ஒரு கயாக், ஒருவர் ஓட்டும் சின்னப் படகு. ரோலர் கோஸ்டர் ரேபிடைத் தாண்டிவிட்டோம். கோல்ஃப் கோர்ஸ் தொடக்கத்தில் வலது முன்பக்கம் ஒரு பாறையில் உரசியது. பெரிய அடியே இல்லை. விரல் நீளத்துக்குக் கிழிசல். முன் சேம்பர் காலியாவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் தொடைக்குக் கீழே பின் சேம்பரும் துணி மாதிரி மடங்கியது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. ராஃப்ட் புத்தகத்தை மூடுவதுபோல மடிந்து, எல்லோரும் தண்ணீருக்குள். லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் கயாக்கில் வந்த பையனும் இல்லாவிட்டால் இந்தப் பதிவை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். கூட்டாளிக்குத் தோள்பட்டை பிசகி மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை.

தபோவனில் ராஃப்டுக்கு ஒட்டுப் போடும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் கிழிசலைக் கத்தியால் பெரிதாக்கி, டார்ச் அடித்து எங்களை உள்ளே பார்க்கச் சொன்னார். தடுப்புத் துணி தையலோரமாக ஒரு முழம் பிரிந்து தொங்கியது. அதன் ஓரத்தில் பழைய பசை பழுப்பேறிக் கிடந்தது. முன்பே யாரோ ஒட்டிப் பார்த்து, நிற்கவில்லை என்று தெரிந்தேதான் விற்றிருக்கிறார்கள். அப்புறம் துணியில் கரைப்பானைத் தொட்டு டியூபின்மேல் தேய்த்தார். முதலில் நீலப் பெயின்ட் துணியோடு வந்தது. அடியில் இருந்தது அவர் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. "பிவிசி" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

பிவிசி மட்டமான பொருள் என்று நான் சொல்லவில்லை. நல்ல பிவிசி ராஃப்ட்கள் எத்தனையோ ஓடுகின்றன. எது என்று தெரியாமல் வாங்குவதில்தான் ஆபத்து. ஹைபலானுக்கான பசை பிவிசியில் பிடிக்காது. தப்பான பசையில் போட்ட ஒட்டு கரையில் நிற்கும், ஆற்றில் உரிந்துவிடும். ஒட்டு இருந்தால் அதன் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள், நல்ல ஒட்டு அசையாது. தெரியாத ஓரத்தில் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் ஹைபலான் மங்கலாகிப் பொடி உதிரும். விற்கிறவர் தேய்க்க விடமாட்டேன் என்றால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

தடுப்பைச் சோதிக்க, ஒரு சேம்பருக்கு மட்டும் காற்றடியுங்கள், பக்கத்து வால்வ்கள் திறந்தே இருக்கட்டும். முழு அழுத்தம் கொடுக்காதீர்கள், கை வைத்தால் கொஞ்சம் அமுங்கும் அளவு போதும். மிஞ்சினால் நல்ல தடுப்பும் கெட்டுவிடும். அப்புறம் பக்கத்து வால்வில் காதை வையுங்கள். உஸ்ஸென்று காற்று வந்தால் முடிந்தது. அடுத்து நான்கையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றி நிரப்பி, வால்வைச் சுற்றியும் தையலோரமாகவும் சோப்பு நுரை பூசுங்கள். டியூபுக்கு ஏறக்குறைய 2.5 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். கார் டயரில் இருப்பது 30-க்கு மேல். இவ்வளவு குறைந்த அழுத்தத்தையே ஒரு ராத்திரி தாங்காத ராஃப்டை வாங்காதீர்கள். தளத்தையும் தனியாகப் பாருங்கள். தண்ணீர் தானாக வெளியேறுகிற தளமென்றால் அதன் உள்பட்டைகள் அறுந்த இடத்தில் குடம் மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும்.

விற்றவரிடம் போனோம். "பாறையில் இழுத்துக் கிழித்துவிட்டு என்னிடம் வருகிறீர்களா" என்றார். பிரிந்த தடுப்பின் படத்தைக் காட்டினோம், பார்க்கவே மறுத்துவிட்டார். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பியிருந்த செய்திகள் எல்லாம் அதற்குள் அழிந்திருந்தன. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கவில்லை. ஒரு மாதம் அலைந்த பிறகு, 15,000 தருகிறேன், ராஃப்டை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். கூட்டாளியின் வைத்தியச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டோம். அந்த ராஃப்டைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருக்க வேண்டும். செய்யாமல் விட்டது இன்றைக்கும் உறுத்துகிறது.

இப்போது அது மறுபடி சந்தைக்கு வந்திருக்கிறது. தம்பி அனுப்பிய படத்தில் நிறம் புதிதாக இருந்தது, வலது முன்பக்கத்தில் நீளமாக ஒரு பட்டை ஒட்டியிருந்தார்கள். அதை வைத்து நான் அடையாளம் காணவில்லை. வாங்கிய அன்று கூட்டாளி முன் குறுக்கு டியூபின் உள்பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் பிள்ளையார் சுழி போட்டார். அந்த இடத்தை மட்டும் பெயின்ட் அடிக்காமல் விட்டிருக்கிறார்கள். நீல ராஃப்ட், 14 அடி, முன் குறுக்கு டியூபில் சின்னதாக ஒரு 'உ'. பார்த்தால் வாங்காதீர்கள், அதில் ஏறவும் ஏறாதீர்கள். எங்கே கிடக்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள்.