கல்லணை முதல் கோடியக்கரை வரை: டெல்டாவில் பல வருடச் சைக்கிள் அனுபவம்

காவிரி டெல்டாவில் சைக்கிளில் சுற்ற வழி கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த மாதம் போகிறீர்கள் என்பதுதான். வழி அப்புறம். திருச்சியிலிருந்து கடல் வரைக்கும் மொத்த இறக்கமே 80 மீட்டர் சொச்சம். மேடு என்று சொல்ல ஆற்றுப் பாலங்களும் ரயில்வே மேம்பாலங்களும் மட்டுமே. ஆனால் மலை ஊர்களில் ஏற்றம் வாங்கும் வேலையை இங்கே காற்று வாங்கிவிடும். அதற்கு மேல் அறுவடை, மழை, திருவிழா எல்லாம் சாலையில் பங்கு கேட்கும். ஆடியில் சொர்க்கமாக இருந்த சாலை பங்குனியில் கழுத்தறுக்கும். பல வருடமாக எல்லாப் பருவத்திலும் இந்தப் பக்கம் ஓட்டியவன் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

திருச்சியிலிருந்து கும்பகோணம் வரையுள்ள பகுதிதான் என் கணக்கில் இந்த வட்டாரத்திலேயே சிறந்த சைக்கிள் பாதை. கைப்பேசி வரைபடம் தஞ்சாவூர் நாற்கரச் சாலையைக் காட்டும், கண்டுகொள்ளாதீர்கள். திருவானைக்காவலில் பிரிந்து உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணைக்கு ஒரு சாலை போகிறது. வலப்பக்கம் காவிரி, இடப்பக்கம் கொள்ளிடம், நடுவில் வாழைத் தோப்புகள். விடியற்காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் கல்லணையைத் தாண்டிவிடலாம். கரிகாலன் பேரோடு சேர்த்தே சொல்லப்படும் அந்த அணையில்தான் ஆறு காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று பிரிகிறது. அதன் பிறகு கடல் வரை நீங்கள் கடக்கும் பாலங்களுக்குக் கணக்கே கிடையாது.

கல்லணையிலிருந்து கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு. கோவிலடியில் அப்பக்குடத்தான் கோயில் இருக்கிறது. பெருமாளுக்கே அப்பம்தான் நைவேத்தியம் என்பதால் நாமும் ஒரு வாய் சாப்பிட்டுக்கொள்வதில் தவறில்லை. திருவையாற்றில் அசோகா அல்வா. பாசிப்பருப்பும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த அந்த ஒரு கரண்டி, கடைகளில் விற்கும் எந்த எனர்ஜி பாரையும்விட நன்றாக வேலை செய்கிறது என்பது என் தீர்மானமான கருத்து. அங்கிருந்து திங்களூர், கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம், சுவாமிமலை என்று பெரும்பாலும் காவிரியை ஒட்டியே நிழலில் போகலாம். சாலை குறுகல், வளைவுகள் அதிகம், அதனால்தான் வண்டிகளும் மெதுவாக வருகின்றன. மொத்தம் 100 கி.மீ.க்குள் முடிந்துவிடும். மறுநாள் காலை கும்பகோணத்தில் இட்லிக்குக் கடப்பா (பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த குழம்பு) கிடைக்கும் கடையாகப் பார்த்து உட்காருங்கள்.

இந்தப் பகுதிக்கு நான் தேர்ந்தெடுக்கும் காலம் ஆனியும் ஆடியும். மேட்டூர் அணையில் தண்ணீர் இருந்தால் வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாள் போல ஆகும். வறண்ட மணலாகக் கிடந்த ஆற்றில் புதுத் தண்ணீர் ஓடும்போது பக்கத்துச் சாலையில் சைக்கிள் ஓட்டுவதற்கு ஈடாக எதையும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மேற்கிலிருந்து அடிக்கும் ஆடிக் காற்று வேறு முதுகைத் தள்ளும். மிதிக்காமலே போவது போல இருக்கும். திரும்பி வரும் நினைப்பு மட்டும் வேண்டாம். அந்தக் காற்றை எதிர்த்துக் கும்பகோணத்திலிருந்து திருச்சிக்கு வருவது வீம்பு. ரயில் இருக்கிறது. ஆடிப்பெருக்கு நாளில் மட்டும் படித்துறை உள்ள எந்த ஊரிலும் சாலை காலியாக இருக்காது. அன்றைக்குச் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டுச் சித்ரான்னம் கிடைத்தால் சாப்பிடுவதே உத்தமம்.

கடற்கரைப் பகுதிக்கு இந்தக் கணக்கு தலைகீழ். கும்பகோணத்திலிருந்து ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை வரை பேருந்துகளோடு மல்லுக்கட்டும் சாலை. திருபுவனத்தில் கோயிலுக்காக ஒருமுறை நிற்கலாம், மற்றபடி சீக்கிரம் கடந்துவிடுவது நல்லது. மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் சுமார் 25 கி.மீ. காவிரி கடலில் கலக்கும் இடத்தைப் பார்க்கும் புது ஆட்கள் ஏமாந்து போவார்கள். வழியெல்லாம் வயலுக்குக் கொடுத்துவிட்டு வருகிற ஆறு, ஒரு வாய்க்கால் அகலத்துக்குத்தான் அங்கே வந்து சேர்கிறது.

பூம்புகாரிலிருந்து தெற்கே இறங்க மார்கழி, தை மாதங்கள்தான் சரி. வடகிழக்கிலிருந்து வரும் காற்று முதுகுப் பக்கமாக வரும், மழையும் ஓய்ந்திருக்கும். தரங்கம்பாடியில் ஒரு இரவு தங்குவது என் வழக்கம். டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை, ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் கட்டிய 1718ஆம் ஆண்டுத் தேவாலயம், கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில் எல்லாமே நடந்து பார்க்கும் தூரம். காரைக்காலைத் தாண்டி நாகூரில் தர்கா வாசலில் வாடா சாப்பிடலாம். இறால் வைத்துப் பொரித்த அது சூடாக இருக்கும்போதுதான் ருசி.

இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். பெயரைக் கேட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம் என்று வருகிறார்கள். பெரும்பாலான இடங்களில் கடல் கண்ணில் படாது. சரக்கு லாரி, விரையும் கார், அகலப்படுத்தும் வேலை, தூசி, இதுதான் படும். நான் ஊருக்குள் போகும் பழைய சாலைகள் கிடைக்கும் இடத்தில் எல்லாம் அதில் இறங்கிவிடுவேன். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அதற்கு முன்பிருந்தே காவி உடுத்திய பாதயாத்திரைக் கூட்டம் சாலையின் இடது ஓரம் முழுக்க நடக்கும். அவர்களோடு பேசிக்கொண்டே மெல்ல உருட்டலாம், தூரம் போக முடியாது.

வேளாங்கண்ணிக்குத் தெற்கே வேதாரண்யம் வரை மரநிழல் குறைவு. 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தது இந்தப் பக்கத்தில்தான். எத்தனையோ தென்னந்தோப்புகள் ஒரே இரவில் போயின. காற்று பக்கவாட்டில் திரும்பினால் பைகள் மாட்டிய சைக்கிளை நேராகப் பிடிப்பதே பாடு. பின்பக்கப் பைகளைச் சிறியதாக மாற்றிக்கொண்ட பிறகு எனக்கு நிம்மதி. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும் வழியில் இருபக்கமும் உப்பளம். குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். சரணாலயத்துப் புல்வெளியில் வெளிமான் பார்க்கலாம். இருநூறு கி.மீ. நெல் வயலைப் பார்த்துவிட்டு இங்கே வரும்போது வேறு நாட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

கடற்கரை வேண்டாம் என்பவர்களுக்கு உள்வழி ஒன்று உண்டு. கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம். 1930இல் ராஜாஜி உப்புச் சத்தியாகிரகிகளோடு நடந்த வழி இதுதான். திருச்சியில் ஏப்ரல் 13 அன்று கிளம்பித் தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக வந்து 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தார்கள். சித்திரை வெயில், போதாததற்குச் சோறு போட்டாலும் தங்க இடம் கொடுத்தாலும் தண்டனை என்று கலெக்டரின் உத்தரவு வேறு. சாலையோர மரக்கிளைகளில் ஊர்க்காரர்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களைக் கட்டி வைத்தார்களாம். அவர்கள் பதினைந்து நாள் நடந்ததைச் சைக்கிளில் இரண்டே நாளில் முடிப்பதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. மன்னார்குடியில் ஹரித்ரா நதி தெப்பக்குளக் கரையில் மாலையில் உட்காருவதற்காகவே ஒருமுறை இந்த வழியில் வரலாம்.

இனி சாலையின் தொல்லைகள். தையில் அறுவடை தொடங்கினால் சாலையில் பாதி நெல் காயும் களமாகிவிடும். அது விவசாயியின் ஆறு மாத உழைப்பு, சுற்றிப் போவதுதான் மரியாதை. அதைவிடப் பெரிய சிக்கல் மாசி, பங்குனியில். உளுந்துச் செடியைப் பிடுங்கிச் சாலையில் பரப்பிவிடுவார்கள், வண்டிகள் ஏறி ஏறிக் காய் உதிரட்டும் என்று. லாரிக்கு அது ஒன்றுமில்லை. சைக்கிளுக்கு வழுக்கும், கொடிகள் பின்சக்கரப் பல்லில் சுற்றிக்கொள்ளும். சைக்கிளில் கியர் மாற்றும் பாகமே அதில் முறிந்துபோன நண்பர்கள் உண்டு. இறங்கித் தள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நான் இப்போதெல்லாம் போவதே இல்லை. கரைச் சாலையின் வண்டல் சேறு மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டால் சக்கரம் சுற்றாது.

சைக்கிளைப் பொறுத்தவரை, மெல்லிய டயர் ரேஸ் சைக்கிளில் தொடங்கி, இப்போது 38 மி.மீ. டயர் போட்ட சாதாரண ஹைபிரிடில் நிற்கிறேன். கரைச் சாலைக்கு இதுவே போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. பஞ்சருக்குக் காரணம் பெரும்பாலும் சீமைக்கருவேல முள், கடலோரத்தில் ரொம்ப அதிகம். டயருக்கும் டியூபுக்கும் நடுவே போடும் பட்டை எனக்கு நன்றாகவே உதவியிருக்கிறது. டியூபில் பைக்கில் வருவது போன்ற தடித்த வால்வு இருக்கட்டும். எந்த ஊர் பஞ்சர் கடையிலும் காற்று அடிக்கலாம். மெல்லிய வால்வைக் காட்டினால் கடைக்காரர் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். கடலோரம் போய் வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடாவிட்டால் இரண்டே நாளில் செம்பழுப்பு ஏறும். பின்னால் வரும் வண்டியைப் பார்க்க ஹேண்டில்பாரில் கண்ணாடி ஒன்று மாட்டுங்கள். மணி, பேருந்துக்குப் பயன்படாது, ஆடுகளுக்குப் பயன்படும்.

தங்கும் இடங்களில் சைக்கிளை மாடிக்கு ஏற்ற விடமாட்டார்கள். ஒரு லாட்ஜில் ராத்திரி கீழே நிறுத்தியதில் முன்விளக்கு காணாமல் போனது, வாட்ச்மேனுக்கு ஒன்றும் தெரியாதாம். அதிலிருந்து அறை கேட்பதற்கு முன்பே சைக்கிளைப் பற்றிக் கேட்டுவிடுகிறேன். முகூர்த்த நாட்களில் கும்பகோணத்தில் அறை கிடைப்பது கஷ்டம், நாள்காட்டியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

திரும்புவதற்கு இப்போது வசதி கூடியிருக்கிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை அகலப்பாதை ரயில் 2023இல் ஓடத் தொடங்கியது. அகஸ்தியம்பள்ளி கோடியக்கரை போகும் வழியிலேயே இருக்கிறது. ரயில்கள் குறைவு, அதனால் நேரத்தை முந்தைய நாளே பார்த்து வைக்க வேண்டும். சைக்கிளை ஏற்றும் விஷயத்தில் நிலையத்துக்கு நிலையம் பதில் மாறுகிறது. முன்சக்கரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக் கொண்டுபோனால் பெரும்பாலும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் லக்கேஜ் கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.