ஐம்பதைத் தாண்டியவளின் சன்ஸ்கிரீன் டியூப்

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். முகத்துக்கும் கழுத்துக்கும் வாங்கலாம். கைக்கு வேண்டாம், கட்டுப்படியாகாது.

எனக்கு வயது 54. திருச்சியில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். காலையில் ஸ்கூட்டியைக் கிளப்பினால் தில்லை நகர், பாலக்கரை, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம், சில நாள் திருவெறும்பூர் வரை அலைச்சல். இரண்டு கன்னத்திலும் மங்கு படர ஆரம்பித்ததும் தோல் டாக்டரிடம் போனேன். ராத்திரி போட ஒரு களிம்பு எழுதினார். "பகல்ல சன்ஸ்கிரீன் போடலைன்னா இந்தக் களிம்புக்குக் கொடுக்கிற காசு தண்டம்மா" என்று சொல்லி இதையும் எழுதினார். எஸ்பிஎஃப் 50, பிஏ நான்கு பிளஸ், லேசாகத் தோல் நிறம் கலந்தது. 50 கிராம் டியூப், ஐந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. இதே மாதிரி சரக்கைப் பல கம்பெனிகள் போடுகின்றன. அட்டையில் எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் விஷயம்.

இளமையாகத் தெரிய வேண்டும் என்று இந்த வயதில் நம் தலையில் கட்டப் பார்க்கும் பொருட்கள் கொஞ்ச நஞ்சமல்ல. கொலாஜன் பவுடர், தங்க ஃபேஷியல், வைட்டமின் சீரம். அதற்கெல்லாம் போகுமுன் ஒரு வேலை செய்யுங்கள். ஜாக்கெட் கை மறைக்கிற மேல்கையின் உட்பக்கத்தைப் பாருங்கள். அப்புறம் புறங்கையைப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வயதுதான். என் மேல்கைத் தோல் இன்னும் வழவழவென்று இருக்கிறது. வண்டி ஹேண்டில் பிடிக்கிற புறங்கையில் புள்ளியும் சுருக்கமும். நடுவில் இருக்கிற வித்தியாசத்தில் பெரும்பங்கு வெயில் செய்த வேலை.

ஆஸ்திரேலியாவில் நாம்பூர் என்ற ஊரில் இதைப் பெரிதாகவே சோதித்திருக்கிறார்கள். 55 வயதுக்குக் கீழ்ப்பட்ட 903 பேர். ஒரு பாதிக்குத் தினமும் சன்ஸ்கிரீன் போடச் சொல்லி, மறு பாதியை அவரவர் இஷ்டத்துக்கு விட்டார்கள். புறங்கைத் தோலை சிலிக்கானில் அச்செடுத்து ஒப்பிட்டார்கள். நாலரை வருடத்தில் தினமும் போட்டவர்களின் தோல் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவு. 2013இல் வெளியான முடிவு. இதே ஆய்வில் சிலருக்கு பீட்டா கரோட்டின் (காரட்டில் இருக்கிற சத்து) மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். தோல் முதிர்ச்சியில் அதனால் சொல்லிக்கொள்ளும்படி பலன் தெரியவில்லை. மாத்திரை விற்கிறவர்கள் இதை எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

சரி, அட்டைக்கு வருவோம். எஸ்பிஎஃப் என்பது தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிருக்கான கணக்கு. 30 என்றால் சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 என்றால் 98. அதனால் 100 போட்ட டியூபுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. பிஏ என்று போட்டுப் பக்கத்தில் பிளஸ் குறிகள் இருக்கின்றனவே, அது யுவிஏ என்ற இன்னொரு புற ஊதாக் கதிருக்கு. கண்ணாடி ஜன்னலைத் தாண்டி உள்ளே வருவதும், சுருக்கத்தில் முக்கியப் பங்கு வகிப்பதும் இந்தக் கதிர்தான். நான்கு பிளஸ் இருந்தால் நல்லது. மங்கு இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அயர்ன் ஆக்சைடு, அதாவது க்ரீமுக்குத் தோல் நிறம் கொடுக்கிற பொருள். நம் நிறத்துத் தோலில் கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமே மங்கைக் கூட்டும். நிறம் கலக்காத சன்ஸ்கிரீன் அதைப் பெரிதாகத் தடுக்காது. நான் நிறம் கலந்ததைத் தேர்ந்தெடுத்த காரணம் இதுதான், மேக்கப் ஆசையில் இல்லை.

இனி டியூபைத் திறப்போம். ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் மேலும் அடியிலிருந்து நுனி வரை இரண்டு கோடு பிதுக்க வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் அதுதான் அளவு. பார்த்தால் அநியாயத்துக்கு அதிகமாகத் தெரியும். பெரும்பாலானோர் பவுடர் போடும் பழக்கத்தில் நாலு பொட்டு வைத்துத் தேய்ப்பார்கள். ஆனால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அட்டையில் உள்ள 50 என்ற எண்ணையே அளக்கிறார்கள். பாதி பூசினால் அந்த 50 கிடைக்காது.

நிறம் கலக்காத துத்தநாகக் க்ரீம்கள் பூசினால் நம் முகம் விபூதி பூசியது போல வெளுத்துத் தெரியும். இதில் அந்தத் தொல்லை இல்லை, இரண்டு நிமிடத்தில் தோலோடு சேர்ந்துவிடுகிறது. குறைகள் வேறு. பன்னிரண்டு மணி வெயிலில் ஹெல்மெட்டுக்குள் வேர்த்தால் நெற்றியிலிருந்து வழிந்து கண் எரியும். புருவத்துக்கு மேல் ஒரு விரல் விட்டுப் பூசினால் சமாளிக்கலாம். ஸ்டிக்கர் பொட்டு நிற்காது. முதலில் பொட்டு, அப்புறம் அதைச் சுற்றி சன்ஸ்கிரீன். ஹெல்மெட் நாடாவிலும் வெள்ளைக் காலரிலும் காவி நிறத்தில் கறை ஒட்டும். மூடி சரியில்லை, கைப்பையில் படுக்கப் போட்டால் கசிகிறது.

எங்கள் அத்தைக்கு இது வீண் செலவு. "மஞ்சள் பூசிக் குளிச்சவங்க எல்லாம் நல்லாத்தானே இருந்தாங்க?" என்பார். நல்லாத்தான் இருந்தார்கள் அத்தை, உச்சி வெயிலில் பைபாஸில் வண்டி ஓட்டவில்லையே!

செலவுக் கணக்கு இதோ. ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒரு கிராம். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் மறுபடி பூசச் சொல்கிறார்கள். என்னால் முடிந்தது காலையில் ஒன்று, மதியம் சாப்பிட்டு முகம் கழுவியதும் ஒன்று. அப்படிப் போட்டாலே ஒரு மாதத்துக்குள் டியூப் காலி. இதில் இரண்டு கையையும் சேர்த்தால் மாதம் மூன்று டியூப் வேண்டும். அதற்குப் பதில் தெப்பக்குளம் பக்கம் பிளாட்பாரக் கடையில் முழங்கை வரை வருகிற காட்டன் கையுறை வாங்கிக்கொண்டேன். துணி வியர்வையில் வழியாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பூசவும் வேண்டாம். மங்கு முழுசாகப் போய்விட்டதா என்றால் இல்லை. ஓரங்கள் மங்கியிருக்கின்றன, புதிதாகப் படரவில்லை. களிம்புக்கும் அதில் பங்கு உண்டு என்பதால் முழுப் பெருமையையும் இந்த டியூபுக்குக் கொடுக்க மாட்டேன். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். மூடியை மாற்றினால் நாலு.

வாங்குகிறவர்கள் மறக்காமல் காலாவதித் தேதி பாருங்கள். ஸ்கூட்டி டிக்கியில் மட்டும் வைக்காதீர்கள். வெயிலில் நிற்கிற வண்டியின் டிக்கிக்குள் சூடேறினால் க்ரீமில் இருக்கிற தண்ணீரும் எண்ணெயும் பிரிந்துவிடும், அதைப் பூசிப் பிரயோஜனமில்லை.