ஐப்பசி ஈரத்துக்கு எந்த மெஷின்?

அடைமழை மாதங்களில் கும்பகோணம் பக்கம் பீரோவுக்குள் இருக்கும் பட்டுப்புடவையிலும் பூஞ்சை பிடிக்கும். காற்றின் ஈரத்தை இழுக்கும் மெஷினில் இரண்டு வகை உண்டு.

கம்ப்ரஸர் வகையில், குளிர்ந்த குழாயில் ஈரம் படிந்து தொட்டியில் சொட்டும். மற்றதில் ஜியோலைட் போன்ற உறிஞ்சும் பொருள் பூசிய சக்கரம் மெதுவாகச் சுழன்று ஈரத்தைப் பிடிக்கும். ஹீட்டர் அந்தச் சக்கரத்தைச் சூடாக்கி ஈரத்தைப் பிரிக்கும். அதனால் கரண்ட் அதிகம் இழுக்கும், அறையும் சூடாகும். எடை குறைவு, கடும் குளிரிலும் ஓடும் என்பது அதன் பெருமை. ஆனால் மார்கழி விடியலில்கூடக் கடும் குளிர் வராத டெல்டாவில் அந்தப் பெருமை எதற்கு? ஊட்டிக்காரர்கள் வாங்கட்டும்.

என் ஓட்டு கம்ப்ரஸருக்கே. துணி உலர்த்தும் சின்ன அறைக்கு மட்டும் சக்கர வகை சரி. வாங்கினால், பிளக்கைச் சட்டென்று பிடுங்காதீர்கள். ஹீட்டர் ஆறும்வரை ஃபேன் ஓடட்டும். பெயிண்ட், தின்னர் வாடை உள்ள அறையில் ஓட்டினால் சக்கரம் கெடும்.

எதுவானாலும் ஜன்னலைச் சாத்துங்கள், ஃபில்டர் தூசியை அடிக்கடி தட்டுங்கள். அப்புறம், வீணை இருக்கும் அறையை ரொம்பவும் உலர விடாதீர்கள், பலாமரம் வெடிக்கும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போக வேண்டாம்.