வேட்பாளரைப் படிக்க ஒரு செயலி: நெல்லை வாக்காளருக்கு எவ்வளவு பயன்?

பேட்டையில் பிறந்த காயிதே மில்லத்தைக் கேரளத்து மஞ்சேரி மக்கள் மூன்று முறை மக்களவைக்கு அனுப்பினார்கள். ஊர் தாண்டிய அந்த மதிப்பை அவர் நடத்தையால் சம்பாதித்தார். டெல்லிக்குப் போகிறவர் அப்படிப்பட்டவர்தானா என்று பார்க்க இன்றைய வாக்காளரிடம் எழுத்துச் சான்று இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003 தீர்ப்புகளால் கட்டாயமான, வேட்பாளர் தன் வழக்கு, சொத்து விவரங்களை உறுதிமொழியோடு தரும் பிரமாணப் பத்திரம், அதாவது படிவம் 26. அதைக் காட்டும் தேர்தல் ஆணையத்தின் ‘நோ யுவர் கேண்டிடேட்’ செயலியும் இணையதளமும் இலவசம். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தரலாம்.

தேர்தல், மாநிலம், தொகுதி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் வரும். நிராகரிக்கப்பட்டவர்கள், விலகியவர்களை ஒதுக்கிவிட்டுக் களத்தில் நிற்பவர்களை மட்டும் எடுங்கள். ஒருவர் நான்கு வேட்புமனு வரை போடலாம். அதனால் ஒரே பெயரில் பல பத்திரங்கள் இருந்தால் தேதி பார்த்துக் கடைசியாகக் கொடுத்ததைத் திறங்கள்.

செயலியின் பெரிய குறை வழக்கு விவரத்தில்தான். குற்ற வழக்கு ‘உண்டு’, ‘இல்லை’ என்று முகப்பு காட்டுவதைப் பார்த்ததோடு பலர் நின்றுவிடுகிறார்கள். கூடங்குளம் போராட்டத்தில் இடிந்தகரை மக்கள் மீது 124ஏ தேசத்துரோகப் பிரிவில்கூட வழக்குகள் பாய்ந்தன. மறியலுக்குப் போனவரும் ‘உண்டு’தான், மோசடி செய்தவரும் ‘உண்டு’தான். ஆகவே பத்திரத்தைத் திறந்து பிரிவு எண்ணைப் படியுங்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 143, 188 என்றால் பெரும்பாலும் கூட்டம் கூடியது, தடையுத்தரவை மீறியது. 420 மோசடி, 307 கொலை முயற்சி. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை முறையே 189(2), 223, 318(4), 109 ஆகிவிட்டன. இனி வரும் பத்திரங்களில் இரண்டு வகை எண்களும் கலந்தே இருக்கும். நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்துவிட்டதா, அல்லது வழக்கு முதல் தகவல் அறிக்கையோடு நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

வழக்குள்ளவரை நிறுத்தும் கட்சி, ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைப் படிவம் சி-7 மூலம், தேர்ந்தெடுத்த 48 மணி நேரத்துக்குள் வெளியிட வேண்டும். ‘ஜெயிப்பார்’ என்பது மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேட்பாளரின் பத்திரத்தைவிடக் கட்சித் தலைமையின் தரத்தை இந்த ஒரு தாள் தெளிவாகக் காட்டும். நாம் அதைக் கேட்டு வாங்கிப் படிக்காதவரை, மதிக்கத்தக்க தலைவர் வேண்டும் என்று ஏங்குவதில் பயனில்லை.

சொத்துப் பகுதியில் மொத்தத் தொகையை மட்டும் முந்தைய தேர்தலோடு ஒப்பிட்டால் ஏமாந்து போவோம். பூர்வீக வயலின் சந்தை விலை தானாகவே ஏறியிருக்கும். ‘சுயமாக வாங்கியது’ என்ற இடத்தில் வாங்கிய தேதியும் வாங்கிய விலையும் இருக்கும். பதவியில் இருந்த ஆண்டுகளில் வாங்கியது எது என்று பாருங்கள். அதை முதல் பக்கங்களில் உள்ள ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கோடு சேர்த்துப் படித்தால் விஷயம் விளங்கும். மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்போர் பத்திகளையும் விடாதீர்கள்.

சர்வே எண் கொடுத்திருந்தால் தமிழக அரசின் பட்டா, சிட்டா தளத்தில் சரிபார்க்கலாம். இங்கேதான் நம்மூர்க்காரர்கள் தடுமாறுவார்கள். ஆலங்குளம் சட்டமன்றத் தொகுதி திருநெல்வேலி மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. ஆனால் ஆலங்குளம் தாலுகா 2019 நவம்பர் முதல் தென்காசி மாவட்டம். பழைய பத்திரத்தில் திருநெல்வேலி மாவட்டம் என்றிருக்கும் நிலத்தைத் தளத்தில் தென்காசியின் கீழ் தேட வேண்டும். பட்டாவில் பெயர் மாறாமல் இருக்கலாம் என்பதால், பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கத்தையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

மதிப்பெண் குறைந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. பத்திரங்கள் வெறும் ஸ்கேன் படங்கள். சொல்லைத் தேட முடியாது, சில கையெழுத்துப் பிரதிகளில் எண்ணே தெரியாது. இரண்டு வேட்பாளர்களையோ, ஒருவரின் இரண்டு தேர்தல் பத்திரங்களையோ பக்கத்தில் வைத்து ஒப்பிட வசதியில்லை. ஏற்கெனவே எம்.பி.யாக இருந்தவர் அவையில் என்ன கேட்டார் என்பதற்கு நாடாளுமன்றத் தளத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே அமைச்சர்களுக்கு வருகைப் பதிவு கிடையாது என்பதை மறந்து, வரவே இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

தவறான தகவல் கண்ணில் பட்டால் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எதிர் பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம். அதுவும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். பத்திரத்தில் பொய் இருக்கிறது என்பதற்காக மட்டும் அந்த அலுவலர் வேட்புமனுவைத் தள்ளுபடி செய்ய மாட்டார். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் உண்டு, ஆனால் அதற்கு நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும். அந்த வழியைச் செயலியில் ஒரு பொத்தானாகவாவது சேர்த்திருக்கலாம்.