ஆல் வீல் டிரைவ் காருக்கு அளவு மாறிய டயர்: ஓர் எச்சரிக்கை

ஆல் வீல் டிரைவ் கார், அதாவது நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை செல்லும் கார் வைத்திருப்பவர்கள் டயர் மாற்றப் போகுமுன் இதைப் படித்துவிடுவது நல்லது. ஒரு டயர் கடை என் காரின் பின்பக்கத்தில் அளவு வேறான இரண்டு டயர்களை மாட்டி அனுப்பியதால், பின் அச்சுக்கு விசையைக் கொண்டுசெல்லும் கிளட்ச் தொகுதியே கெட்டுப்போனது. அளவு வேறு என்பதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. பில்லிலும் ‘17 அங்குல டயர், இரண்டு’ என்று மட்டுமே இருந்தது.

பின்பக்க டயர் ஒன்றின் பக்கச்சுவர் கிழிந்துவிட்டதால், பின்னால் உள்ள இரண்டையும் மாற்றச் சொல்லியிருந்தேன். ஆல் வீல் டிரைவ் வண்டி என்பதை முதலிலேயே தெரிவித்தேன். வேலைச் சீட்டில் அவர்களே அதை எழுதிக்கொண்டார்கள். காரில் இருந்தவை 225/65 ஆர்17. அதே அளவு கையிருப்பில் உள்ளதாகச் சொல்லிவிட்டு அவர்கள் மாட்டியவை 225/60 ஆர்17.

இந்த எண்களில் முதலாவது டயரின் அகலத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது. இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்கிறது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ரிம் ஒன்றே என்பதால் இரண்டு அளவும் சிக்கலின்றி மாட்டிக்கொள்ளும், பார்வைக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் கணக்குப் போட்டால் முன் டயரின் விட்டம் ஏறத்தாழ 724 மி.மீ., பின் டயரின் விட்டம் 702 மி.மீ.; சுற்றளவில் சுமார் 71 மி.மீ. வேறுபடுகிறது. அதாவது நேர்ச்சாலையில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பின் சக்கரங்கள் முன் சக்கரங்களைவிட சுமார் 14 சுற்று அதிகமாகச் சுற்றியாக வேண்டும்.

இரு சக்கரங்களுக்கு மட்டும் விசை செல்லும் காரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இணைப்பு இல்லை என்பதால் இதன் பாதிப்பு பெரும்பாலும் ஸ்பீடோமீட்டரிலும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் உணரிகளிலும் நின்றுவிடும். ஆல் வீல் டிரைவில் இரண்டு அச்சுகளும் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்கொடுக்கும் பற்சக்கரத் தொகுதியான மைய டிஃபரன்ஷியலாலோ, என் காரில் உள்ளதுபோல் எண்ணெயில் ஊறிய பல தகடுகள் கொண்ட கிளட்சாலோ பிணைக்கப்பட்டிருக்கின்றன. வளைவில் திரும்பும்போதோ ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கும்போதோ ஏற்படும் சற்று நேர வேக வேறுபாட்டைத் தாங்கத்தான் அவை செய்யப்பட்டவை. வண்டி ஓடும் நேரமெல்லாம் அந்த வேறுபாடு நீடித்தால் தகடுகள் ஓயாமல் உரசிச் சூடாகின்றன. சூட்டில் எண்ணெய் தன் குணத்தை இழக்க, தேய்மானம் இன்னும் விரைவாகிறது.

என் காரில் முதலில் தெரிந்தது, நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது யாரோ பிரேக்கைப் பிடித்து விடுவதுபோன்ற வெட்டல். பிறகு சீரான வேகத்தில் தரைக்கு அடியிலிருந்து ஒரு முனகல் கேட்டது. அதன்பின் நீண்ட பயணங்களில் ஆல் வீல் டிரைவ் எச்சரிக்கை விளக்கு எரிவதும், வண்டி ஆறியதும் அணைவதுமாக இருந்தது. அதே கடைக்கு எடுத்துச் சென்றபோது வீல் அலைன்மென்ட் சரியில்லை என்று கூறி, அதையும் செய்து, அதற்கும் பணம் வாங்கிக்கொண்டார்கள். இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கடைசியில் வேறொரு மெக்கானிக் காரைத் தூக்கி, ஈரத்துணியால் நான்கு டயர்களின் பக்கச்சுவரையும் துடைத்து, எண்களை வாய்விட்டுப் படித்தார். கிளட்ச் தொகுதியிலிருந்து அவர் வடித்த எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை வீசியது.

கேட்டபோது கடைக்காரர் சொன்ன பதில், ‘வித்தியாசம் 3 சதவீதம்தான், அது அனுமதிக்கப்பட்ட அளவு’ என்பது. அப்படியொரு வழக்கம் டயர் தொழிலில் உண்டு என்பது உண்மையே. ஆனால் அது நான்கு டயர்களையும் ஒருசேர வேறு அளவுக்கு மாற்றும்போது ஸ்பீடோமீட்டர் அதிகம் பிசகாமல் இருப்பதற்கான வரம்பு. ஒரே வண்டியில் முன்னும் பின்னும் வேறுபடலாம் என்று அதற்குப் பொருள் கிடையாது. சுபாரு போன்ற நிறுவனங்கள் நான்கு டயர்களின் சுற்றளவுக்குள் கால் அங்குலம், அதாவது சுமார் 6 மி.மீ. வேறுபாட்டை மட்டுமே ஏற்கின்றன.

அந்த 6 மி.மீ. எவ்வளவு சிறியது என்பதற்கு இன்னொரு கணக்கு உதவும். அளவு ஒன்றாகவே இருந்தாலும், 8 மி.மீ. பட்டன் (சாலையைத் தொடும் பரப்பிலுள்ள ரப்பர் கட்டைகள்) ஆழமுள்ள புது டயரை 3 மி.மீ. வரை தேய்ந்த டயர்களோடு சேர்த்தால் சுற்றளவில் சுமார் 31 மி.மீ. வேறுபாடு வந்துவிடும். பிராண்டு மாறினால், ஒரே எண் பொறித்த டயர்களின் உண்மையான சுற்றளவும் சிறிது மாறலாம். எனவே மற்ற மூன்றும் பாதி தேய்ந்த நிலையில் ஒன்று மட்டும் பழுதானால், அதே மாடல் டயரை வாங்கி மற்றவற்றின் ஆழத்துக்குச் சீவித் தரும் இடத்தைத் தேட வேண்டும். இல்லையேல் நான்கையும் மாற்றுவதே வழி. செலவு கசக்கும்தான், ஆனால் கிளட்ச் தொகுதியின் செலவு அதைவிடக் கசப்பானது.

கடையை விட்டுக் கிளம்புமுன் நான்கு டயர்களின் எண்களையும் நீங்களே படித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் முழு அளவு, பிராண்டு, மாடல், தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்க எண் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். 2321 என்றிருந்தால் அது 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐயம் இருந்தால், நான்கிலும் காற்றழுத்தத்தைச் சரிசெய்தபின் பட்டன்களின் மேல் நாடாவைச் சுற்றிச் சுற்றளவை அளந்து, வண்டியின் கையேடு கூறும் வரம்போடு ஒப்பிடலாம். அளவு சிறிய ஸ்டெப்னியைப் போட்டு ஓட்ட நேர்ந்தால் கையேடு சொல்லும் தூரத்தையும் வேகத்தையும் தாண்டாதீர்கள்.

டயர் அளவு பொருந்தாததைக் காட்டி, கார் நிறுவனத்தின் சர்வீஸ் மையம் கிளட்ச் தொகுதிக்கு வாரண்டி தர மறுத்துவிட்டது. கடைக்காரர் இரண்டு டயர்களையும் திரும்ப எடுத்துக்கொள்ள மட்டும் சம்மதிக்கிறார். ‘ஆல் வீல் டிரைவ்’ என்று அவர்கள் கையாலேயே எழுதிய வேலைச் சீட்டையும், மெக்கானிக்கின் எழுத்துமூலமான அறிக்கையையும் வைத்துப் பழுதின் முழுச் செலவையும் கேட்டிருக்கிறேன்.