ஐப்பசியில் எடுத்த முந்திரிப்பூத் தேனா? வாங்குவோர் கவனத்துக்கு

கடலூர், புதுச்சேரிப் பக்கம் 'ஒரே பூத் தேன்' தேடி வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

புதுச்சேரியில் ஒரு கடையில் நாங்கள் வாங்கிய அரைக் கிலோ பாட்டில், விலை 650 ரூபாய். 'பண்ருட்டி முந்திரிப்பூத் தேன்' என்று லேபிள். எடுத்த நாள் அக்டோபர் 18. பண்ருட்டியில் முந்திரி பூப்பது தை, மாசியில். ஐப்பசி மழையில் எந்தத் தோப்பில் பூ இருந்தது? கேட்டதற்குப் பதில் இல்லை. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, "கரையாம அடியில போகுது பாருங்க, சுத்தமான தேன்" என்று காட்டினார்கள். திறந்த பாட்டில் என்று சொல்லிப் பணத்தையும் திருப்பவில்லை.

தண்ணீர்ச் சோதனை எதையும் நிரூபிக்காது. கெட்டியான சர்க்கரைப் பாகும் அப்படியே அடியில் போய் நிற்கும். தீக்குச்சி, எறும்பு, நாய் நக்காது என்பதெல்லாமும் இதே கதைதான். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதித்தபோது, பாகுக் கலப்பைக் கண்டறிய ஜெர்மனி ஆய்வகம் செய்த என்.எம்.ஆர். சோதனையில் 3 மட்டுமே தேறின. ஆய்வகத்துக்கே சவாலாக இருக்கும் பாகைக் கண்ணாடி டம்ளர் பிடித்துவிடுமா?

ஒரு பூவின் தேனைத் தனியாக எடுப்பது தேனீப் பெட்டி வைப்பவரின் உழைப்பு. மழைக்காலத்தில் பூ குறைவதால் தேனீக்களுக்குச் சர்க்கரைக் கரைசல் வைப்பார்கள். முந்திரி பூக்கத் தொடங்கும் முன் அதை நிறுத்தி, மேலே உள்ள தேன் அறைச் சட்டங்களைக் காலி செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடையில் மிஞ்சிய கரைசலும் பழைய தேனும் புதியதோடு சேர்ந்துவிடும். அக்டோபரில் 'எடுத்த' தேனில் எங்களுக்கு முதலில் வரும் சந்தேகமே இந்தக் கரைசல்தான்.

பிறகு அவசரம் கூடாது. அடையில் முக்கால் பங்குக்கு மேல் மெழுகால் மூடிய பிறகே எடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் ஈரப்பதம் கூடி, பாட்டிலில் புளித்து நுரைக்கும். 20 சதவீத ஈரப்பதமும் 5 சதவீத சுக்ரோஸும்தான் பொதுவான உச்ச வரம்பு. ஒரு பூவின் பெயரைப் போட்டு விற்க, மகரந்தத்தில் குறைந்தது 45 சதவீதம் அந்தப் பூவினுடையதாக இருக்க வேண்டும். மாமரமும் அதே தை மாதம்தான் பூக்கிறது. தோப்புக்குப் பக்கத்தில் மா இருந்தால், நேர்மையான ஆள் "கலந்துதான் வரும்" என்று சொல்லிவிடுவார். அவரை நம்பி வாங்கலாம்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை வேறு. பெட்டி எந்த ஊரில், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை? முந்திரியைத் தாக்கும் 'தேயிலைக் கொசு' என்ற பூச்சிக்கு மருந்து அடிக்கும்போது பெட்டியை என்ன செய்தீர்கள்? முந்திரித் தோப்பில் பூக்கும் காலத்தில்தான் அந்த மருந்து அடிக்கிறார்கள். பெட்டி வைத்தவர் அதை மறக்கவே மாட்டார். வாங்கி விற்பவர் விழிப்பார்.

ஒரே கடையில் முருங்கைப்பூ, நாவல்பூ, முந்திரிப்பூ மூன்றும் ஒரே நிறம், ஒரே மணம் என்றால் வெளியே வந்துவிடுங்கள். 'ரப்பர்பூத் தேன்' என்ற பெயரும் தவறு. மார்த்தாண்டம் பக்கம் தேனீக்கள் அதை எடுப்பது துளிர் இலைக்காம்பின் சுரப்பியிலிருந்து. சீனி போல உறைந்த தேனைப் போலி என்று ஒதுக்காதீர்கள். குளுக்கோஸ் கூடிய தேன் உறையும். 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகும்.

சந்தேகம் இருந்தால் வாங்கும்போதே "பகுப்பாய்வுக்கு அனுப்பப் போகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006, பிரிவு 40 அந்த உரிமையைத் தருகிறது. கட்டணம் நீங்கள் கட்ட வேண்டும். தேன் தரமற்றது என்று அறிக்கை வந்தால் அது திரும்பக் கிடைக்கும். பில், 14 இலக்க உரிம எண் தெரியும் லேபிளின் படம், திறக்காத பாட்டில் ஒன்று: மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். நுகர்வோர் உதவி எண் 1915.