கோடைத் தூண்டிலுக்கு எது தகும்: மலை ஏரி டிரவுட்டா, பேச்சிப்பாறைக் கட்லாவா, குளத்து விராலா?

மார்ச் பிறந்து பள்ளிக்கூடங்கள் பரீட்சைக்குத் தயாராகும்போதே, நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துத் தூண்டில்காரர்களிடையே ஒரு வழக்கு தொடங்கிவிடும். இந்த விடுமுறைக்கு மூணாறு ஏறி ரெயின்போ டிரவுட்டுக்குத் தூண்டில் போடுவதா, பேச்சிப்பாறை அணைக்கரையில் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் காத்திருப்பதா, வீட்டுக்குப் பக்கத்துக் குளத்தில் விராலைத் தேடுவதா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்ச் முதல் மே வரை, ஒரே ஒரு மீனைக் குறிவைக்க வேண்டுமானால் நான் விராலைத்தான் சொல்வேன். ஊர்ப்பற்றால் சொல்வதாக நினைக்க வேண்டாம். தண்ணீரின் சூடுதான் இந்த வழக்கில் நீதிபதி.

டிரவுட் குளிர்நீர் மீன். 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை அதற்குச் சுகம். 20-ஐத் தாண்டினால் திணறும். 25-ஐ ஒட்டினால் உயிருக்கே ஆபத்து. சூடு மட்டும் காரணமல்ல. 10 டிகிரித் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 11 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். சூடேற ஏற மீனுக்கு மூச்சு அதிகம் தேவைப்படுகிறது, தண்ணீரோ குறைவாகக் கொடுக்கிறது. விராலுக்கு இந்தக் கணக்கே கிடையாது. செவுளோடு, தலைக்குள் காற்றை வாங்கும் தனி உறுப்பும் அதற்கு இருக்கிறது. வளர்ந்த விராலை மேலே வரவிடாமல் வலைக்குள் அமுக்கி வைத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். கோடையில் சூடேறிக் கலங்கிய, மற்ற மீன்கள் வாய்பிளந்து மிதக்கும் குளத்தில்கூட அது தன்பாட்டுக்கு வேட்டையாடும். ஒரே வெயில் டிரவுட்டை ஆழத்துக்கு விரட்டுகிறது. விராலை நம் கண்ணெதிரே கொண்டுவருகிறது.

முதலில் மலைப் பக்கம். ரெயின்போ டிரவுட் நம் நாட்டு மீனல்ல. வட அமெரிக்காவின் பசிபிக் கரை ஆறுகளும் ரஷ்யாவின் கம்சாட்காவும் அதன் பிறந்த வீடு. நீலகிரியில் டிரவுட்டைக் குடியேற்ற 19-ஆம் நூற்றாண்டில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே எடுத்த முயற்சி பலிக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன்வளர்ப்பு வல்லுநர் எச்.சி. வில்சன் அதைச் சாதித்தார். 1907-இல் அவலாஞ்சியில் அமைந்த குஞ்சு பொரிப்பகம் அந்தக் காலத்து அடையாளம். மூணாறு பக்கத்தில் ராஜமலையிலும் பொரிப்பகம் உண்டு. தேவிகுளம் ஏரி டிரவுட்டுக்குப் பேர்போனது. நாகர்கோவிலிலிருந்து ஊட்டி 500 கிலோமீட்டருக்கு மேல். மூணாறு அவ்வளவு தூரமில்லை என்றாலும் ஒரு முழுப் பகல் பயணம். செலவைப் பற்றிப் பேசவே வேண்டாம். மே மாதத்து அறை வாடகை எல்லோருக்கும் தெரியும்.

அத்தனை தூரம் போய் நண்பகலில் ஏரிக்கரையில் நின்றால் பெரும்பாலும் வெறுங்கைதான். ஏரியின் மேல்தண்ணீர் வெயிலில் சூடேறி லேசாகி மேலேயே தங்கிவிடும். குளிர்ந்த கனமான தண்ணீர் அடியில் கிடக்கும். இரண்டும் கலப்பதில்லை. மேலே சூடு, மிக அடியிலோ ஆக்சிஜன் பற்றாக்குறை. ஆகவே டிரவுட் நடுவில் ஒரு குறுகிய குளிர்ப் பட்டையில் ஒதுங்கி நிற்கும். கரையிலிருந்து வீசும் தூண்டில் அந்த ஆழத்துக்குப் பெரும்பாலும் எட்டாது. விடியலிலும் அந்தியிலும் மேல்தண்ணீர் கொஞ்சம் ஆறியதும் பூச்சி பிடிக்க மேலே வரும்; அந்த ஒன்றரை மணி நேரம்தான் கரையில் நிற்பவருக்கான நேரம். ஓடை வந்து ஏரியில் சேரும் வாய் இன்னொரு நல்ல இடம், அங்கே தண்ணீர் குளிர்ச்சியாகவும் காற்றுக் கலந்ததாகவும் இருக்கும். மெல்லிய தூண்டில் நரம்பு, சுழலும் தகடுள்ள சின்ன ஸ்பின்னர் அல்லது இறகு கட்டிய பொய் ஈ போதும். கோடையில் பிடித்த டிரவுட்டை விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: நெடுநேரம் இழுத்து விளையாட்டுக் காட்டிய மீன் சூடான தண்ணீரில் தேறாது. நீந்திப் போவதுபோல் போய் அடியில் செத்துக் கிடக்கும். விடுவதானால் கையை நனைத்துக்கொண்டு சட்டென்று விட வேண்டும். தண்ணீர் சூடாக இருக்கும் நாளில் தூண்டிலே போடாமல் இருப்பது அதைவிட நல்லது.

இனி அணை. 1906-இல் கட்டி முடிந்த, 48 அடி கொள்ளளவுள்ள பேச்சிப்பாறை நாகர்கோவிலிலிருந்து 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெருஞ்சாணி அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வழக்கமாகப் பிப்ரவரி முடிவில் பாசனம் நின்று, ஜூனில் கன்னிப்பூ நெல்லுக்காக மறுபடியும் மதகு திறக்கும். இடைப்பட்ட மாதங்களில் தண்ணீர் இறங்கிச் செம்மண் கரை வெளியே தெரியும். இங்கே போட்டி மீனோடு அல்ல, பொறுமையோடு. கட்லா நுண்ணுயிர் தின்னும் மீன். தூண்டில் இரையை அவ்வளவு எளிதில் தொடாது. ரோகுவும் மிர்காலும் அவித்துப் பிசைந்த மரச்சீனி (மரவள்ளி) உருண்டைக்கோ மண்புழுவுக்கோ வரும். அவற்றுக்கு முன்னால் திலாப்பியா வந்துவிடும் என்பதுதான் தலைவலி. கோடை மழை பெய்து கோதையாற்றில் புதுத்தண்ணீர் கலங்கலாக இறங்கும் நாள் மட்டும் விதிவிலக்கு. அன்று ஆறு அணையில் சேரும் இடத்தில் எல்லா மீனும் இரை தேடி வந்து நிற்கும். அந்த ஒரு நாளுக்காக அணையை நான் இரண்டாம் இடத்தில் வைக்கிறேன்.

குளத்து விரால் வேறு வகை ஆட்டம். தாமரை இலையும் கோரையும் பாசியும் அடர்ந்த ஓரத்தில்தான் அது இருக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் காற்றை வாங்கிக்கொண்டு இறங்கும். அந்தச் சின்னக் குமிழியைப் பார்த்துவிட்டால் இடம் தெரிந்துவிட்டது. டிரவுட் எங்கே என்று ஊகிக்க வேண்டும். விரால் தானே சொல்லிவிடுகிறது. ரப்பர் தவளையைப் பாசிமேல் தத்தித் தத்தி இழுத்தால் பாய்ந்து கவ்வும். கவ்வியவுடன் வெட்டி இழுக்கக் கூடாது. ஓரிரு நொடி பொறுத்து, நரம்பு கனத்த பிறகு இழுக்க வேண்டும். இங்கே மெல்லிய நரம்பு உதவாது. பாசிக்குள் சுருண்டுகொள்ளும் மீனைப் பெயர்த்தெடுக்கப் பின்னல் நரம்பும் விறைப்பான கம்பும் வேண்டும். பிடித்ததும் வாளியை மூட மறந்தால் மீன் மறுபடியும் குளத்தில் இருக்கும்.

விரால் விஷயத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு. கோடை மழைக்குப் பிறகு செந்நிறக் குஞ்சுகள் பந்தாகத் திரண்டு, மழைத்துளி விழுந்ததுபோல் தண்ணீரைச் சலசலக்க வைத்தபடி மேய்வதைப் பார்க்கலாம். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். பந்தின் நடுவே எதைப் போட்டாலும் அவை பாயும். பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. இதைத் திறமை என்று படம் எடுத்துப் பெருமைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். காவல் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரு பொழுதில் தின்று தீர்த்துவிடும். அடுத்த கோடைக்கு அந்தக் குளத்தில் என்ன மிஞ்சும்?

மணக்குடிக் கழிமுகத்தை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பார்கள். பழையாறு கடலில் சேரும் அந்த இடத்தில் கறிமீனும் கொடுவாவும் உண்டு; ஆனால் அது கடல் ஏற்ற இறக்கத்தின் கணக்கு, தனியாக எழுத வேண்டியது.

சரி, மீன் வந்துவிட்டது. அது என்ன மீன்? மூன்று இடங்களில் எங்கே அடையாளம் காண்பது கடினம் என்று கேட்டால், அணை என்பேன்.

டிரவுட்டில் ஒரே கேள்விதான்: ரெயின்போவா, பிரவுனா? கன்னத்திலிருந்து வால்வரை ஓடும் இளஞ்சிவப்புப் பட்டையைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். ஏரியில் வளர்ந்த மீனில் அது மங்கி, உடம்பு முழுக்க வெள்ளியாக மின்னும். குட்டி மீனிலோ பக்கவாட்டில் கருநீலத் திட்டுகள்தான் தெரியும். பட்டையை நம்புவதைவிட வாலைப் பாருங்கள். வால் துடுப்பில் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக விரிந்திருந்தால் ரெயின்போ. வாலில் புள்ளி இல்லாமலோ மிகச் சிலவாகவோ இருந்து, உடம்பில் வெளிர் வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் பிரவுன். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே முள்ளில்லாத சிறு சதைத் துடுப்பு இரண்டுக்கும் உண்டு. அதை மலை மீனின் தனி முத்திரை என்று நினைத்தால் நம் குளத்துக் கெளுத்தி சிரிக்கும். அதற்கும் அந்தத் துடுப்பு இருக்கிறது.

குளத்தில் விராலோடு குழப்பம் தருவது குறவை. இரண்டுக்கும் பாம்புத்தலை, நீண்ட முதுகுத் துடுப்பு. விரால் நீளமானது; அடிவயிறு வெளுத்து, பக்கங்களில் சாய்ந்த கரும்பட்டைகள் இறங்கும். குறவை சிறியது, உடம்பெங்கும் கரும்புள்ளி தெளித்திருக்கும். குறவையை விரால் குஞ்சு என்று நினைத்துத் திரும்ப விடுவதில் நட்டமில்லை. குறவையென்று சொல்லிக் குட்டி விராலைச் சட்டிக்கு அனுப்புவதுதான் அதிகம் நடக்கிறது. தூண்டிலில் தேளி வந்தால் கையால் பிடிக்க வேண்டாம். கன்னத்துப் பக்கத்து முள்ளில் விஷம் இருக்கிறது, கடுகடுப்பு நெடுநேரம் விடாது.

அணையில்தான் வழக்கு. பெரிய தலை, மேல்நோக்கித் திறக்கும் வாய், மீசையே இல்லை என்றால் கட்லா. கீழுதடு குஞ்சம்போல் பிசிறடித்து, துடுப்புகளில் செம்மை ஏறியிருந்தால் ரோகு. உடம்பு ஒல்லியாக, வாய் கீழ்ப்பக்கம் இறங்கியிருந்தால் மிர்கால். சந்தையில் கட்லா என்று விற்கும் வெள்ளிக் கெண்டையைப் பிரிப்பது எளிது: கட்லாவுக்குச் செதில் பெரிது, வெள்ளிக் கெண்டைக்குப் பொடிச் செதில், கண் தலையின் கீழ்ப்பாதிக்கு இறங்கியிருக்கும். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியாவோடு இப்போது நைல் திலாப்பியாவும் கலந்து வருகிறது. வால் துடுப்பில் செங்குத்துக் கோடுகள் தெளிவாக இருந்தால் அது நைல். திலாப்பியாவைக் கறிமீன் என்று தலையில் கட்டப் பார்ப்பவர்களும் உண்டு. அடிவயிற்றின் பின்துடுப்பு முள்ளை எண்ணுங்கள்: திலாப்பியாவுக்கு மூன்று, கறிமீனுக்குப் பன்னிரண்டுக்குக் குறையாது.

அனுமதி விஷயத்தில் மூன்றிலும் ஒரே சட்டம் இல்லை. மலையில் உரிமமும் வனத்துறை ஒப்புதலும் இல்லாமல் கம்பை விரிக்கவே கூடாது. ராஜமலை இருக்கும் இரவிகுளமோ தேசியப் பூங்கா. பேச்சிப்பாறையைச் சுற்றிக் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயக் காடுகள் இருப்பதால் மீன்வளத்துறையிலும் வனத்துறையிலும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஊர்க்குளங்கள் பெரும்பாலும் குத்தகையில் இருக்கும். குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் பலர் தூண்டிலுக்குத் தடை சொல்வதில்லை. 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம்-தேரூர், வேம்பனூர் நீர்நிலைகளைப் பறவைகளுக்கு விட்டுவிடுவோம்.

சட்டியில் வைத்துப் பார்த்தால் மூன்றுக்கும் மூன்று நியாயம். டிரவுட்டுக்குச் செதில் உரிக்கும் வேலையே இல்லை, முள்ளும் குறைவு. மிளகும் உப்பும் போட்டு வறுத்தால் போதும், நம் மசாலா அதன் மென்மையை அமுக்கிவிடும். அணைக் கெண்டைகளின் தசைக்குள் கவட்டை முட்கள் ஒளிந்திருப்பதால் குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது கவனம் தேவை. முதுகுப்பக்கம் நெருக்கமாகக் கீறிப் பொரித்தால் பொடி முட்கள் மொறுமொறுத்துவிடும். விராலின் வழவழப்புப் போகக் கல்லுப்பும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். தேங்காய் அரைத்த குழம்பில் கோடை மாங்காயை நறுக்கிப் போட்டு, அவித்த மரச்சீனியோடு சாப்பிடுங்கள். மாங்காய் இருக்கும்போது புளியைக் கைக்கடக்கமாக விடுங்கள்.